கற்க வாருங்கள்... காக்க வேண்டாம்!

ஸ்பானிஷும் படிக்கலாம், கூடவே ஏழை ஊருக்கு உதவியும் செய்யலாம் என்று குவாத்தமாலாவுக்குப் போகிறவர்கள் ஏராளம். படிப்பு சரி. அந்த உதவியால் யாருக்குப் பயன்?

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரிகளுக்குக் குவாத்தமாலா புதிய பெயர் அல்ல. உலகப் படத்தில் அந்த நாடு எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியாவிட்டாலும், அங்கே விளைச்சல் கூடினால் இங்கே விலை அடிபடும் என்பது அவர்களுக்குத் தெரியும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பயிரை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் தோட்டக்காரர்கள் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். இன்று உலக ஏலக்காய் ஏற்றுமதியில் முன்னணியில் நிற்பது குவாத்தமாலாதான். அதைப் பயிரிடும் மாயா விவசாயிகளின் சமையலில் ஏலக்காய்க்கு இடமில்லை. பறித்து, உலர்த்தி, மூட்டை கட்டி அரபு நாடுகளுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

மெக்சிகோவுக்குத் தெற்கே, தமிழ்நாட்டைவிடப் பரப்பில் சிறிய இந்த நாட்டுக்கு இன்னொரு சரக்கிலும் நல்ல பெயர் உண்டு. அது ஸ்பானிஷ் பாடம். ஏலக்காயைக் கப்பலேற்றி அனுப்ப வேண்டும். இந்தச் சரக்கை வாங்கவோ ஆட்களே விமானம் ஏறி வருகிறார்கள். அமெரிக்க நர்ஸ்கள், சமூகப் பணியாளர்கள், பள்ளி ஆசிரியர்கள், கல்லூரிக்கு நடுவே ஓராண்டு விடுப்பு எடுத்த ஐரோப்பிய இளைஞர்கள், ஓய்வுபெற்றவர்கள் என்று பலதரப்பட்ட கூட்டம். அன்டிகுவா நகரிலும், மேற்கு மலைநாட்டின் கெட்சால்தெனாங்கோவிலும், அதித்லான் ஏரிக்கரை ஊர்களிலும் இவர்களுக்காகவே டஜன் கணக்கில் பள்ளிகள் இயங்குகின்றன.

ஏறத்தாழ 50 கோடிப் பேருக்குத் தாய்மொழியான ஸ்பானிஷைக் கற்க ஸ்பெயினுக்கே போகலாமே என்று தோன்றும். செலவு ஒரு காரணம். குவாத்தமாலாக்காரர்கள் நிதானமாக, தெளிவாகப் பேசுவார்கள் என்ற பெயர் இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருக்கும்: காலையில் பாடம், மதியம் சமூக சேவை. பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிக்கலாம், குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரலாம், மரம் நடலாம். மொழியும் வரும், புண்ணியமும் சேரும்.

இந்த இரண்டில் எது குவாத்தமாலாவுக்கு உண்மையிலேயே பயன்பட்டது என்று கணக்குப் பார்த்தால், விடை பலர் எதிர்பார்க்கும் பக்கம் இல்லை.

ஒரு மேசை, இரண்டு நாற்காலி

கெட்சால்தெனாங்கோவை உள்ளூரில் யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பழைய மாயாப் பெயரின் சுருக்கமான ‘ஷேலா’தான் எல்லார் வாயிலும். கடல் மட்டத்திலிருந்து 2,330 மீட்டர் உயரம்; ஊட்டியைவிடக் கொஞ்சம் மேலே. விடியற்காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே வர முடியாது. தெற்கே சாந்தா மரியா எரிமலை நிற்கிறது. 1902-ல் வெடித்து, வெடித்த விலாவில் 1922 முதல் சாந்தியாகீத்தோ என்ற குட்டி எரிமலையை வளர்த்துக்கொண்டிருக்கிறது. அது இன்றும் அடிக்கடி சாம்பல் கக்குகிறது.

இங்கே வகுப்பறை என்பது கரும்பலகையும் பெஞ்சு வரிசையும் அல்ல. சின்ன மேசை, இரண்டு நாற்காலி. ஒன்றில் ஆசிரியர், எதிரே ஒரே ஒரு மாணவர். நாளுக்கு நாலு அல்லது ஐந்து மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள். ஒளிந்துகொள்ளக் கடைசி பெஞ்சு கிடையாது. முதல் நாள் கேள்வி எளிமையாக இருக்கும்: எங்கிருந்து வருகிறீர்கள், வீட்டில் யார் யார், காலையில் என்ன சாப்பிட்டீர்கள். பதில் தப்பாக வந்தால் ஆசிரியர் திருத்துவார். சரியாக வந்தால் அடுத்த கேள்வி. மூன்றாம் நாள் தலை வலிக்கும். இரண்டாம் வாரம் சந்தையில் தக்காளிக்குப் பேரம் பேச நாக்கு எழும்.

தமிழருக்கு இதில் சில சௌகரியங்கள் உண்டு. ‘வந்தேன்’ என்றால் போதும், ‘நான்’ வேண்டாம் என்பது நமக்குப் பழக்கம். ஸ்பானிஷிலும் வினையின் வாலே ஆளைக் காட்டிவிடும். ஆங்கிலம் பேசுபவர்கள் வாரக்கணக்கில் தடுமாறும் இடத்தை நாம் சுலபமாகத் தாண்டலாம். ‘நீ’, ‘நீங்கள்’ வேறுபாடும் பழகியதே. பெரியவர்களிடமும் புதியவர்களிடமும் ‘உஸ்தெத்’, நெருங்கிய சிநேகிதரிடம் ‘வோஸ்’. நம்மைப் படுத்துவது வேறு. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று உயிரில்லாத பொருளுக்கெல்லாம் பால் உண்டு. ‘இரு’ என்பதற்கு இரண்டு தனித்தனி வினைகள். ஆசை, சந்தேகம், வேண்டுகோள் எல்லாவற்றுக்கும் வினை இன்னொரு வடிவம் எடுக்கும்.

இரண்டாவது வகுப்பு சாப்பாட்டு மேசையில் நடக்கிறது. மாணவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பங்களில் தங்குகிறார்கள். ஒரு அறை, மூன்று வேளைச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை பல வீடுகளில் சமையலுக்கு விடுமுறை. கறுப்பு பீன்ஸ், முட்டை, வாழைக்காய், எல்லாவற்றுக்கும் துணையாகத் தொர்த்தியா. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, அரைத்து, உள்ளங்கையில் தட்டி, கோமால் என்ற தட்டையான கல்லில் சுட்டெடுப்பது தொர்த்தியா. மனிதனைக் கடவுளர்கள் மக்காச்சோள மாவில் பிசைந்து செய்தார்கள் என்பது கிச்சே மாயாக்களின் புராணம். அந்த மாவு தட்டும் சத்தத்தில்தான் அங்கே பொழுது விடிகிறது.

மதியம் பள்ளியிலேயே சொற்பொழிவு, ஆவணப்படம், காபித் தோட்டத்துக்கோ நெசவாளர் கூட்டுறவுக்கோ ஒரு பயணம். வெள்ளி இரவு எல்லோரும் சேர்ந்து விருந்து. கிளம்பும் மாணவர் அரைகுறை ஸ்பானிஷில் நன்றி சொல்லிப் பேச வேண்டும் என்பது பல பள்ளிகளில் எழுதாத சட்டம்.

கட்டணம் வளர்த்த மொழிகள்

இந்தப் பள்ளிகள் சுற்றுலாவுக்காக முளைத்தவை என்று நினைத்தால் தப்பு. அவற்றில் முக்கியமானவற்றின் வேர் குவாத்தமாலாவின் ரத்தம் தோய்ந்த வரலாற்றில் இருக்கிறது.

1952-ல் அதிபர் ஹாகோபோ ஆர்பென்ஸ் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தார். பெரும் பண்ணைகளில் தரிசாகக் கிடந்த நிலம் உழவர்களுக்குப் போகத் தொடங்கியது. அதில் அமெரிக்க வாழைப்பழக் கம்பெனியான யுனைடெட் ஃப்ரூட்டின் நிலமும் சேர்த்தி. 1954-ல் சி.ஐ.ஏ. முன்னின்று நடத்திய கவிழ்ப்பில் ஆர்பென்ஸ் வெளியேற்றப்பட்டார். 1960-ல் மூண்ட உள்நாட்டுப் போர் 1996 டிசம்பர் 29 அன்று அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை ஓயவில்லை. ஐ.நா. துணையோடு அமைந்த உண்மை ஆணையம் 1999-ல் அறிக்கை தந்தது. கொல்லப்பட்டோரும் காணாமல் ஆக்கப்பட்டோரும் 2 லட்சத்துக்கு மேல். அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயா மக்கள். பதிவான மீறல்களில் 93 சதவீதத்துக்கு ராணுவமும் அதன் துணைப்படைகளுமே பொறுப்பு என்றது அந்த ஆணையம். ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்ற சொல்லை ஈழத்தில் கேட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்தப் போர்க்காலத்தில், 1969-ல், அன்டிகுவாவில் ‘ப்ரொயெக்தோ லிங்குயிஸ்திகோ ஃப்ரான்சிஸ்கோ மாரோக்கின்’ என்ற லாப நோக்கில்லாத நிறுவனம் தொடங்கியது. ஸ்பானிஷ் அதன் பிரதான அக்கறை அல்ல. நாட்டில் 22 மாயா மொழிகள் உண்டு. பள்ளிக்கூடத்திலும் நீதிமன்றத்திலும் அவற்றுக்கு இடமில்லை. அந்த மொழிகளைப் பேசும் இளைஞர்களுக்கே மொழியியல் கற்றுக்கொடுத்து, தங்கள் மொழிக்குத் தாங்களே இலக்கணமும் அகராதியும் எழுதவைப்பது அதன் நோக்கம். டெரன்ஸ் காஃப்மன், நோரா இங்லண்ட் போன்ற அமெரிக்க மொழியியலாளர்கள் பயிற்சி தந்தார்கள். அந்த வேலைக்குப் பணம் வந்த வழிகளில் ஒன்று, வெளிநாட்டவருக்கு நடத்திய ஸ்பானிஷ் வகுப்பு. ஒருவருக்கு ஒருவர் பாடம் என்ற முறை குவாத்தமாலாவில் பரவியதில் இந்தப் பள்ளிக்குப் பெரும் பங்கு உண்டு.

இதிலுள்ள வேடிக்கையைப் பாருங்கள். 1524-ல் படையெடுத்து வந்த பெத்ரோ தெ அல்வராதோவின் மொழி ஸ்பானிஷ். மாயா மொழிகளை ஓரங்கட்டிய மொழி. நாலரை நூற்றாண்டு கழித்து, அதே ஸ்பானிஷைக் கற்க வந்தவர்கள் கட்டிய கட்டணம் மாயா மொழிகளுக்கு எருவாயிற்று. அப்படிப் பயிற்சி பெற்ற தலைமுறையின் தொடர் உழைப்பில் 1990-ல் மாயா மொழிகள் அகாதமி சட்டபூர்வ அங்கீகாரம் பெற்றது. 2003-ல் தேசிய மொழிகள் சட்டம் வந்தது. பாடம் கற்க வந்த அந்த மாணவர்களில் பலருக்கு இது எதுவும் தெரிந்திருக்காது. வினைச்சொல் மனப்பாடம் செய்தார்கள், பணம் கட்டினார்கள், ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

ஷேலாவில் 1988-ல் ‘ப்ரொயெக்தோ லிங்குயிஸ்திகோ கெட்சால்தெகோ’ உருவானது. போர் இன்னும் முடியவில்லை. மொழி கற்க வருகிறவர்களிடம் நாட்டின் நிலைமையையும் எடுத்துச் சொல்லிவிட்டால் சேதி எல்லை தாண்டும் என்று நினைத்த ஆசிரியர்கள் கூட்டாக நடத்தும் பள்ளி இது. 1997-ல் இதே பள்ளி, கொலொம்பா வட்டாரத்தில் காபித் தோட்டங்களுக்கு நடுவே மலைப்பள்ளி ஒன்றையும் திறந்தது. அங்கே மாணவர்கள் தூங்குவது பள்ளிக் கட்டடத்தில். சாப்பிடுவது பக்கத்துக் குடியிருப்புகளில். கூலித் தகராறில் தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்ட காபித் தொழிலாளர்கள் போராடி அமைத்துக்கொண்ட ஊர்கள் அவை. சாப்பாட்டுக்கான பணம் சமைக்கிற பெண்களுக்குப் போகிறது. இன்ன வீட்டில் இந்த வாரம், அடுத்த வீட்டில் அடுத்த வாரம் என்று முறை வைத்துக்கொள்கிறார்கள்.

இல்லிச் போட்ட குண்டு

சரி, அந்த மதியச் சேவை?

இதைப் பற்றி மிகக் கடுமையாகப் பேசியவர் சேவைக்கு ஆள் தயாரிக்கும் இடத்தில் இருந்தவர்தான் என்பது விசேஷம். ஆஸ்திரியாவில் பிறந்த கத்தோலிக்கப் பாதிரியார் இவான் இல்லிச், 1961-ல் மெக்சிகோவின் குவெர்னவாகா நகரில் ஒரு மையம் தொடங்கினார். லத்தீன் அமெரிக்காவுக்குப் போகும் அமெரிக்க மிஷனரிகளுக்கும் தொண்டர்களுக்கும் அங்கே தீவிரமாக ஸ்பானிஷ் கற்றுத்தரப்பட்டது. வந்தவர்களின் நல்லெண்ணத்தை அருகிலிருந்து பார்க்கப் பார்க்க அவருக்குச் சந்தேகம் முற்றியது.

1968 ஏப்ரல் 20 அன்று, கோடை விடுமுறையில் மெக்சிகோ கிராமங்களுக்குச் சேவை செய்யப் போகும் அமெரிக்க மாணவர்களின் மாநாட்டில் அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். வாழ்த்துவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவரோ, உங்கள் நல்லெண்ணம் எங்களுக்கு வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். இந்த மக்களின் மொழி உங்களுக்குத் தெரியாது. அவர்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று சொன்னாலும் புரியாது. சேவைதான் செய்ய வேண்டுமென்றால் உங்கள் நாட்டு ஏழைகளிடம் போங்கள். உங்கள் உதவி பிடிக்காவிட்டால் ‘போய்விடு’ என்று உங்களுக்குப் புரியும் மொழியில் அவர்கள் சொல்ல முடியும். இங்கே சுற்றிப் பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், படிக்க வாருங்கள். உதவ மட்டும் வராதீர்கள். அவர் பேச்சின் சாரம் இதுதான்.

அரை நூற்றாண்டு கடந்த பிறகு அந்தப் பேச்சு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ஏனென்றால் சேவை இப்போது பொதி கட்டி விற்கும் சரக்கு. வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் தரகு நிறுவனத்துக்குப் பணம் கட்டினால் இரண்டு வாரச் சேவை உறுதி. கொத்து வேலை தெரியாதவர், கொத்தனார்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஊருக்குப் போய்ச் சுவர் கட்டுகிறார். சென்னையிலிருந்து அங்கே போய் வரும் விமானக் கட்டணத்தில் உள்ளூர்க் கொத்தனாருக்கு மாதக்கணக்கில் கூலி கொடுக்கலாம். ஆங்கில வகுப்பு கதை இன்னும் பரிதாபம். இரண்டு வாரத்துக்கு ஒரு புது ஆள் வருவார். ஒவ்வொருவரும் நிறங்களிலும் எண்களிலும் தொடங்குவார். சிவப்பு, நீலம் தாண்டிப் பாடம் நகர்வதற்குள் அவர் பை கட்டியிருப்பார்.

ஆதரவற்றோர் இல்லமா, வேண்டவே வேண்டாம்

வெள்ளையடித்தால் சுவருக்குத்தான் சேதம். ‘அனாதைக் குழந்தைகளோடு விளையாடலாம்’ என்று அழைக்கும் சேவையில் சேதம் குழந்தைக்கு.

உலகெங்கும் இத்தகைய இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையால் விடப்பட்டவர்கள் அவர்கள். காணிக்கையோடு வெளிநாட்டவர் வந்துகொண்டே இருந்தால் குழந்தைகளும் உள்ளே வந்துகொண்டே இருப்பார்கள். இல்லம் நடத்துவது தொழிலாகிவிடும். பாசம் காட்டிவிட்டு மாதம் தோறும் ஒருவர் மறைவது அந்தப் பிஞ்சு மனங்களுக்கு இன்னொரு அடி. 2018-ல் ஆஸ்திரேலியா இதை நவீன அடிமைத்தனம் பற்றிய விவாதத்தில் கொண்டுவந்தது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையின் குழந்தை உரிமைத் தீர்மானம், இல்லச் சுற்றுலாவின் தீங்கைச் சுட்டிக்காட்டியது.

குவாத்தமாலாவுக்கு இதில் சொந்த வடு உண்டு. 2007-ல் மட்டும் 4,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் அமெரிக்காவுக்குத் தத்துப் போனார்கள். தாய்மாரிடம் ஆசைகாட்டியும் கடத்தியும் குழந்தைகள் பெறப்பட்டதாக எழுந்த புகார்களுக்குப் பிறகு, அந்த ஆண்டின் இறுதியில் புதுச் சட்டம் வந்து அந்தக் கதவு மூடியது. வேற்று நாட்டவர் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினால் சில கிராமத் தாய்மார் பதறுவதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

ஊருக்கே ஊழியம் உண்டு

சேவை என்பதை இந்த ஊர்களுக்கு வெளியாள் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. ஷேலாவின் பக்கத்திலேயே இருக்கிறது தொதொனிகபான். கிச்சே மாயாக்களின் ஊர். அங்கே ‘48 கந்தோன்கள்’ என்று ஊர்க் கூட்டமைப்பு ஒன்று உண்டு. ஒவ்வொரு ஊரும் சபை கூடி ஆட்களைத் தேர்ந்தெடுக்கும். தேர்வானவர் ஓராண்டு சம்பளமில்லாமல் ஊர் வேலை பார்க்க வேண்டும். நீர் ஊற்றுகளைக் காப்பது, பொதுக் காட்டில் மரம் வெட்டாமல் பார்ப்பது, பாதை, பள்ளி, இடுகாடு பராமரிப்பது, வழக்குத் தீர்ப்பது. கிச்சே மொழியில் இதற்கு ‘கஷ் கோல்’ என்று பெயர். பட்டம் படித்தவரும் வெளியூரில் வியாபாரம் செய்பவரும் திரும்பி வந்து தன் முறையைச் செய்தாக வேண்டும். நம் பக்கத்தில் குடிமராமத்து என்று ஒன்று இருந்ததே, அந்த வகை.

இந்த அமைப்பின் பலம் 2023-ல் உலகுக்குத் தெரிந்தது. ஊழல் எதிர்ப்பைப் பேசிய பெர்னார்தோ அரேவாலோ ஆகஸ்டில் அதிபர் தேர்தலில் வென்றார். முடிவைச் செல்லாததாக்க அரசு வழக்கறிஞர் அலுவலகம் காய் நகர்த்தியது. அக்டோபர் 2 அன்று 48 கந்தோன்களும் மற்ற பழங்குடி அமைப்புகளும் அழைப்பு விடுக்க, நாடெங்கும் நெடுஞ்சாலைகள் மறிக்கப்பட்டன. வாரக்கணக்கில் போராட்டம் நீடித்தது. 2024 ஜனவரியில் அரேவாலோ பதவியேற்றார். ஒரு தேசத்தின் வாக்குரிமையைக் காவல் காக்கத் தெரிந்த ஊர்களுக்கு, இரண்டு வாரத் தொண்டர் வந்து தலைமைப் பண்பு வகுப்பு எடுப்பதில் உள்ள அபத்தம் விளங்குகிறதா?

இந்த ஊழியத்துக்கும் விற்பனைச் சேவைக்கும் உள்ள வித்தியாசம் முக்கியமானது. கஷ் கோல் செய்பவர் சபைக்குப் பதில் சொல்ல வேண்டும். தப்பு செய்தால் ஊரே கேட்கும். பணம் கட்டி வந்த தொண்டர் யாருக்குப் பதில் சொல்வார்?

கூப்பிட்டால் போனவர்கள்

வெளியாள் எப்போதுமே வேண்டாதவர் என்றும் சொல்லிவிட முடியாது. குவாத்தமாலாவே அதற்கு எதிர்ச் சாட்சி.

1983-ல் ‘பீஸ் பிரிகேட்ஸ் இன்டர்நேஷனல்’ அமைப்பு அங்கே வேலை தொடங்கியது. அடுத்த ஆண்டு, காணாமல் போனவர்களின் குடும்பங்கள் சேர்ந்து ‘காம்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பரஸ்பர ஆதரவுக் குழுவை அமைத்தன. 1985-ல் அதன் முன்னணியாளர்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். எஞ்சியவர்களுக்கு அடுத்த குறி தாங்கள்தான் என்று தெரியும். அப்போது வெளிநாட்டுத் தொண்டர்கள் இரவு பகலாக அவர்களுக்குத் துணையாக நடந்தார்கள். ஆயுதம் இல்லை. பாஸ்போர்ட்டும் கேமராவும் ஸ்பானிஷும் மட்டுமே. சாட்சிக்கு வெளிநாட்டவர் நிற்கும்போது சுட யோசிப்பார்கள் என்பதே கணக்கு. 1993 ஜனவரியில் மெக்சிகோ முகாம்களிலிருந்து அகதிகள் முதன்முறையாகக் கூட்டமாக ஊர் திரும்பியபோதும் இப்படித் துணைக்குப் போனவர்கள் உண்டு.

இவர்களிடம் மூன்று ஒழுங்குகளைப் பார்க்கலாம். உள்ளூர் அமைப்பு கேட்டுக்கொண்ட பிறகே போனார்கள். அதன் முடிவுகளில் தலையிடவில்லை. மொழி தெரியாத எவரையும் அனுப்பவில்லை.

சின்ன அளவில் இதே ஒழுங்கு அடுப்பு வேலையிலும் தெரியும். மலைநாட்டு வீடுகளில் மூன்று கல் அடுப்பு. புகை வீட்டுக்குள்ளேயே சுற்றும். புகைபோக்கியுள்ள அடுப்பு கட்டிக்கொடுத்தால் என்ன ஆகும் என்று 2002 முதல் 2004 வரை சான் மார்கோஸ் மலைப்பகுதியில் கிர்க் ஸ்மித் குழு ஆராய்ந்தது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான நிமோனியா குறைந்தது என்று 2011-ல் வெளியான முடிவு சொன்னது. சில ஸ்பானிஷ் பள்ளிகள் இப்படி அடுப்பு கட்டித்தரும் திட்டங்களை நடத்துகின்றன. எந்த வீட்டுக்கு என்று ஊர் முடிவு செய்யும். கட்டுவது அந்த ஊர்க் கொத்தனார். செங்கல்லுக்குப் பணம் பள்ளியின் வருமானத்திலிருந்தும் நன்கொடையிலிருந்தும் வரும். மாணவர் செங்கல் தூக்குவார், கலவை குழைப்பார், கொத்தனாரின் கிண்டலுக்குச் சிரிப்பார். அவர் இல்லாவிட்டாலும் அடுப்பு எழும்பும். அவர் அங்கே நிற்பது கற்றுக்கொள்ள என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் யாருக்கும் கூச்சமில்லை.

தொழில் தெரிந்தவர் நிலை வேறு. பிசியோதெரபிஸ்ட், கணக்காளர், குடிநீர்த் திட்டப் பொறியாளர் போன்றோரை உள்ளூர் நிறுவனங்களே தேடுகின்றன. அவர்களிடமும் ஆறு மாதம், ஓராண்டு இருக்க முடியுமா, ஸ்பானிஷ் பேச வருமா என்றே முதலில் கேட்கிறார்கள். மாம் அல்லது கிச்சே மொழியும் கொஞ்சம் வந்தால் இன்னும் நல்லது. மலைக்கிராமத்துப் பாட்டிக்கு ஸ்பானிஷும் அந்நிய மொழியே.

போக நினைக்கிறீர்களா?

முதலில் இங்கிருந்தே தொடங்கலாம். 2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லைகள் மூடி, செப்டம்பரில்தான் விமான நிலையம் திறந்தது. மாணவர் வரத்து நின்றுபோன அந்த மாதங்களில் பல பள்ளிகள் இணைய வகுப்புக்கு மாறின, இப்போதும் நடத்துகின்றன. நேர வித்தியாசம் பதினொன்றரை மணி. அங்கே காலை ஏழு என்றால் சென்னையில் மாலை ஆறரை. ஆபீஸ் முடிந்து உட்கார வசதி. மூன்று மாதம் இப்படிப் படித்துவிட்டுப் போனால் முதல் வாரமே வாய் திறக்கும்.

நேரில் போனால், பாடமும் தங்கலும் சாப்பாடும் சேர்த்து வாரத்துக்குப் பெரும்பாலும் 200 முதல் 350 டாலருக்குள் அடங்கும். ஷேலாவில் குறைவு, அன்டிகுவாவில் கூடுதல். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. மாட்ரிட் வழியாகப் போகலாம். அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே அந்த நாட்டு விசா வேண்டும். குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடார், நிகரகுவா நான்குக்கும் சேர்த்து 90 நாள் என்பது அங்கே நடைமுறை. இந்த நான்குக்குள் இன்னொரு நாட்டுக்குப் போய் வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று நம்பி ஏமாறாதீர்கள். மழைக்காலம் மே முதல் அக்டோபர் வரை; காலையில் வெயில், பிற்பகலில் கொட்டும். சான்றிதழ் தேவையென்றால் இன்ஸ்டிடியூட்டோ செர்வாண்டெஸ் வழங்கும் ‘டெலே’ தேர்வு இருக்கிறது. டெல்லியில் அதன் கிளை 2009 முதல் செயல்படுகிறது.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரப் படங்களை ஒதுக்கிவிட்டுச் சில கேள்விகளை எழுதிக் கேளுங்கள். நான் கட்டும் பணத்தில் ஆசிரியருக்கு எவ்வளவு போகிறது? மாணவர் வராத மாதங்களில் அவருக்குச் சம்பளம் உண்டா? தங்கும் வீட்டுக்கு எவ்வளவு? சமூகத் திட்டத்தை யார் தீர்மானிக்கிறார்கள், தொண்டர் வராவிட்டால் அது நிற்குமா, நடக்குமா? கூட்டுறவு என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டு மணிக்கூலிக்கு ஆசிரியர்களைப் பிழியும் இடங்களும் உண்டு. நேர்மையான பள்ளி இந்தக் கேள்விகளுக்கு எண்ணோடு பதில் சொல்லும். மழுப்பினால் அடுத்த பள்ளியைப் பாருங்கள்.

குழந்தைகள் இல்லத்தில் சேவை என்று அழைக்கும் திட்டம் எதுவானாலும் விலகுங்கள். உங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் முன்பின் தெரியாத வெளிநாட்டவர் நுழைந்து பிள்ளைகளைப் படம் எடுத்தால் சும்மா இருப்பீர்களா? அங்கேயும் அதே நியாயம்தான்.

போனபின் முதல் வாரத்திலேயே ‘நான் என்ன செய்யட்டும்?’ என்று கேட்டுத் துளைக்காதீர்கள். பாடத்தை ஒழுங்காகப் படியுங்கள். ஆசிரியர் சொல்லும் கதையைக் கேளுங்கள். வீட்டுக்கார அம்மா கேட்கும் கட்டணத்தை முணுமுணுக்காமல் கொடுங்கள். ஆசிரியருக்கு வேலை, வீட்டுக்கு வருமானம், ஊருக்குக் கவனம் என்று மூன்றும் அதிலேயே நடந்துவிடுகிறது. 1969 முதல் குவாத்தமாலாவுக்கு ஸ்பானிஷ் மாணவர்களால் விளைந்த நன்மையில் பெரும்பகுதி, அவர்கள் உதவுவதாக நினைக்காமல் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் விளைந்தது. அதையும் தாண்டி உங்கள் கை தேவைப்பட்டால் ஊரே கூப்பிடும். அப்போது என்ன வேலை, எப்படிச் செய்ய வேண்டும் என்று அவர்கள் சொல்வதைப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது உங்களுக்கு ஸ்பானிஷ் வந்திருக்க வேண்டும்.